சிமெண்டைக் குறைத்தால் வீட்டில் சூடு குறையுமா?

காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துக்குள் 1200 சதுர அடியில் ஒரே தளமாக வீடு கட்டப் போகிறவர் கேட்டிருக்கிறார்: "ஏஏசி பிளாக் (நுரை போன்ற லேசான கல்), ஃபிளை ஆஷ் கல் (சாம்பல் கல்), சூளைச் செங்கல், மூன்றில் எது நல்லதுங்க? சிமெண்ட் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்கிறார்கள். ஏசி இல்லாமல் இருக்கணும். எங்க அப்புச்சியின் ஓட்டு வீடு போலக் குளுமையாக இருக்கணும்." கேட்டிருப்பது எந்தக் கல் என்றாலும், உள்ளே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கட்டும்போது எவ்வளவு கரியமில வாயுவுக்கு நாம் காரணமாகிறோம் என்பது ஒன்று. குடியேறிய பிறகு பங்குனி, சித்திரையில் உள்ளே படுத்துத் தூங்க முடியுமா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே கல் தீர்த்து வைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். நான் ஈரோடு, திருப்பூர் பக்கம் 24 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிற சிவில் இன்ஜினியர். பார்த்த வரையில், முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் கடைக்காலிலும் பில்லரிலும் கலவையிலும் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை கூரையில் இருக்கிறது. சுவர்க் கல் இரண்டிலும் அதற்கடுத்த இடத்தில்தான் வரும்.

முதலில் அந்த ஓட்டு வீடு. அது குளுமையாக இருந்தது உண்மைதான், ஆனால் நாம் நினைக்கிற காரணம் மட்டும் அல்ல. சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் மண்ணும் கல்லுமாக இருந்தது. ஆசாரமும் (தாழ்வாரம்) திண்ணையும் சுவர் மேல் வெயில் படவிடாமல் காத்தன. ஓட்டுக்கு இடையில் காற்று போய்வந்தது, பொழுது சாய்ந்ததும் ஓடு சீக்கிரம் ஆறிவிட்டது. அதே வீட்டில் மதியம் அட்டத்தில் (பரணில்) ஏறிப் பார்த்திருந்தால் தெரியும், அங்கே அனல்தான். ராத்திரி பெரியவர்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள் என்பதையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். இன்றைய வீட்டில் மாறியது சுவர் மட்டும் இல்லை. தலைக்கு மேல் 5 இஞ்ச் கான்கிரீட் வந்துவிட்டது, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு அடியில் படுக்கிறோம்.

அந்த கான்கிரீட்டில் தொடங்குகிறேன், சந்தேகத்துக்கு இடமே இல்லாத பகுதி அதுதான். நம் ஊர் ஏறக்குறைய 11 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கோடை முழுக்க வெயிலின் பெரும் பங்கு விழுவது மொட்டைமாடி மேல்தான். கூரைக்கு மேலும் கீழும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதை ஒரு எண்ணாகச் சொல்வோம். 6 இஞ்ச் வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.6. மத்திய அரசு 2018-ல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற ஆற்றல் சிக்கன விதிநூல், கூரைக்கு அதிகபட்சம் 1.2 என்கிறது. மூன்று மடங்கு வெப்பத்தை விட்டுவிட்டுச் சுவரில் என்ன கல் வைத்தாலும் பெரிய பலன் தெரியாது. போதாக்குறைக்குக் கான்கிரீட் வெப்பத்தை உடனே கீழே விடுவதில்லை, வாங்கி வைத்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் இறக்குகிறது. "மத்தியானத்தை விட ராத்திரி எட்டு மணிக்குத்தாங்க வீடு கொதிக்குது" என்று எல்லோரும் சொல்வது அதனால்தான்.

இதற்கு மலிவான வைத்தியம் வெள்ளை. பழைய சாம்பல் நிறத் தளம் தன் மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் முக்கால் பங்குக்கு மேல் திருப்பிவிடும். சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கழுவிப் போகும், தூசி படிந்தாலும் பலன் குறையும். ஆகவே மாசி மாதம் வருடாவருடம் அடிக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடிக்கிற பழைய சுருக்கித் தளமும் அதன் மேல் தட்டோடும் நீர் இறங்காமல் இருப்பதற்கு அருமையானவை, வெப்பத்துக்குச் சுமார்தான், 3.6 என்பது இரண்டரைக்கு வரும், அவ்வளவே. நிஜமாக இறக்க வேண்டும் என்றால் கான்கிரீட்டுக்கு மேலே 2 இஞ்ச் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை) பரப்பி, அதன் மேல் சிமெண்ட் தளம் போட்டு, தட்டோடு பதிக்கலாம். அப்போது அந்த எண் 0.6 பக்கம் வந்துவிடும். பலகையைக் கட்டாயம் மேலேதான் வைக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங்கில் ஒட்டினால் கான்கிரீட் வெயிலில் வேகும், விரிந்து சுருங்கும், விரிசல் விடும்.

சிமெண்டையும் சேர்த்துக் குறைக்க ஒரு வழி ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கிற கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாரமாகத் தொங்குகிறது. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளை இரண்டு இரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடலாம். கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இதைப் பல நூறு வீடுகளில் செய்து காட்டினார். கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும், பாரம் குறைவதால் கம்பியும் கொஞ்சம் குறையும். ஓட்டுக்கு நடுவே இருக்கும் காற்று வெப்பத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி மேலே வெள்ளை அடிக்காமல் விட்டுவிடாதீர்கள். சுவருக்கும் பீமுக்கும் ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது, வடிவமைப்பு இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் மேஸ்திரியின் யோசனைப்படி செய்யவும் கூடாது. அப்புச்சி வீட்டைப் பிரித்த ஓடு தோட்டத்தில் கிடந்தால் முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.

இனி சிமெண்ட். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுட்டுக் கிளிங்கர் ஆக்குகிறார்கள். எரிபொருள் விடுகிற புகையை விட, சுடும்போது கல்லே பிரிந்து விடுகிற கரியமில வாயு அதிகம். சூரிய சக்தியில் ஆலையை ஓட்டினாலும் அது போகாது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் வாயு. மதுக்கரை, சங்ககிரி, கரூர் புலியூர் என்று சுண்ணாம்புக் கல்லையும் சிமெண்டையும் நமக்கு அடையாளம் காட்டிய ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் சிமெண்டை நாம் உள்ளூர்ச் சரக்காகவே நினைத்துப் பழகிவிட்டோம். லாரிக் கூலி குறைவதென்னவோ உண்மை, சூளைக்குள் நடப்பது அதனால் மாறாது.

ஆகவே மூட்டைக்குள் கிளிங்கர் எவ்வளவு என்பதுதான் பார்க்க வேண்டியது. 53 கிரேடு ஓபிசி, அதாவது சாதா சிமெண்ட், கிட்டத்தட்ட முழுக்கக் கிளிங்கர். பிபிசி மூட்டையில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. பிஎஸ்சி மூட்டையில் இரும்பாலைக் கசடு இன்னும் கூடுதல். 1200 சதுர அடிக்கு ஏறத்தாழ 450 மூட்டை, அதாவது 22 டன் போகும் என்று வைத்துக்கொண்டால், 53 கிரேடுக்குப் பதில் பிபிசி வாங்குவதிலேயே ஐந்து டன் அளவுக்குக் கரியமில வாயு குறையும். ஒரு பைசா கூடுதல் செலவில்லை. "53-தான் சார் ஸ்ட்ராங்" என்று மேஸ்திரி சொல்வார். முதல் வாரத்தில் அவர் சொல்வது சரி. சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாக ஏறி, பிறகு நெருக்கமான கான்கிரீட்டாக நின்றுவிடும். வீட்டுக்கு வேண்டியது அதுதான்.

மெதுவாக ஏறும் என்பதற்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் விடுவதில் ஏமாற்றக் கூடாது. கான்கிரீட்டுக்கான நம் விதிநூல் ஐஎஸ் 456, சாதா சிமெண்டுக்கு 7 நாள், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. பாத்தி கட்டித் தளத்தில் தண்ணீர் நிறுத்துங்கள், பில்லருக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். ஆடிக் காற்றில் காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். அந்த மாதத்தில் தளம் போடுவதைத் தள்ளி வைப்பது உத்தமம். சென்ட்ரிங் பிரிப்பதிலும் அவசரம் கூடாது. நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிற கணக்கு சாதா சிமெண்டுக்கானது. பிபிசி என்றால் இன்னும் சில நாள் விடுங்கள்.

அப்புறம் கலவை. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்று சட்டிக் கணக்கில் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை ஆகும். அதே எம் 20 (வீட்டுக் கான்கிரீட்டின் வழக்கமான தரம்) பலத்தை, ஜல்லியையும் எம் சாண்டையும் ஆய்வகத்தில் சோதித்து வடிவமைத்த கலவையில் ஆறு, ஆறரை மூட்டையில் எடுக்கலாம். நம் சைட்டுகளில் கூடுதல் சிமெண்ட் போடுவதே கூடுதல் தண்ணீரைச் சமாளிக்கத்தான். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பக்கம் போதும் என்ற இடத்தில் குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கலவை சொளசொளவென்று ஓடினால் நிமிந்தாளுக்கு (கையாளுக்கு) வேலை சுலபம். ஆனால் மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் துளை.

காங்கேயம் என்பதால் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் உப்பு ஏறியதும் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, சல்ஃபேட் 400-ஐத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். வரம்பு மீறினால் கலவைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரியில் வாங்குங்கள். உப்பு ஏறிய மண்ணில் கடைக்காலுக்குப் பிஎஸ்சி பொருத்தம். 15 வருடத்தில் கம்பி துருப்பிடித்துத் தளம் பிளந்து இடித்துக் கட்டுகிற வீட்டைப் பசுமை வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது கல்லுக்கு வருவோம். கோயம்புத்தூர் பக்கத்துச் சின்னத்தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி யானை வழித்தடமே குழியாகி, 2021-ல் சூளைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்குச் சூளைச் செங்கல் மேல் ஒரு தயக்கம் இருப்பது நியாயம். ஃபிளை ஆஷ் கல்லுக்கு மேல்மண்ணும் வேண்டாம், சூளையும் வேண்டாம். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் நம் பக்கம் கிடைக்கிறது. ஆனால் இரண்டு கல்லையும் தட்டிப் பார்த்து, ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, எடை கூடுவதைப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடிக்கிற கல் வேண்டாம். வெப்பக் கணக்கில் இவை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 9 இஞ்ச் சுவருக்கு, கூரைக்குச் சொன்ன அந்த வெப்ப எண் 2-க்கு முன்பின் வரும். ஹாலோ பிளாக்கும் அந்தப் பக்கம்தான். உள்ளே காற்று இருப்பதால் குளுமை என்பது பாதி உண்மை, துளையைச் சுற்றியுள்ள கான்கிரீட் வழியாக வெப்பம் வந்துவிடும்.

ஏஏசி வேறு வகை. சாம்பல், சிமெண்ட், சுண்ணாம்பு, கொஞ்சம் ஜிப்சம், ஒரு சிட்டிகை அலுமினியத் தூள். அலுமினியம் விடுகிற ஹைட்ரஜன் குமிழியில் கூழ் இட்லி மாவு மாதிரிப் பொங்கும், பிறகு அழுத்த நீராவியில் வேக வைப்பார்கள். கன மீட்டருக்கு 600 கிலோ பக்கம்தான் எடை. 8 இஞ்ச் சுவருக்கு அந்த வெப்ப எண் சுமார் 0.75. சுவரில் இதற்கு இணை இல்லை என்பது நிச்சயம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் பக்கம் ஏஏசியைச் சுமை தாங்க வைப்பதில்லை, பில்லரும் பீமும் போட்டு நடுவில் அடைக்கத்தான் பயன்படுத்துகிறோம். உங்கள் வீடு ஒரே தளம். செங்கல் சுவரே சுமையைத் தாங்கும்படி கட்டினால் பில்லரே வேண்டாம். ஏஏசிக்காகப் பில்லர், பீம், ஃபுட்டிங் என்று இறக்குகிற சிமெண்டும் கம்பியும், கல்லில் மிச்சம் பிடித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். மேலே இன்னொரு தளம், வருடம் முழுக்க ஏசி என்றால் கணக்கு மாறும், அப்போது ஏஏசி பக்கம் நானே சாய்வேன்.

ஏஏசியில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பெருந்துறையில் என் அக்கா வீட்டுக்கு 2013-ல் அதைத்தான் வைத்தேன். கிரகப்பிரவேசத் தேதி நெருங்குகிறது என்று, மழையில் நனைந்த கல்லைக் காயவிடாமல் கட்டி, பத்தாம் நாளே பூச்சு வேலையைத் தொடங்கச் சொன்னேன். பில்லரும் பிளாக்கும் சேருகிற இடத்தில் கோழி வலை அடிக்கவும் விட்டுவிட்டேன். அடுத்த சித்திரையில் ஒவ்வொரு பில்லருக்கும் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி விரிசல். "ஊருக்கெல்லாம் கட்டித் தர்றே, எனக்கு மட்டும் இப்படியா?" என்று அக்கா இன்று வரை கேட்கிறாள். தப்பு கல்லில் இல்லை, என்னிடம்தான்.

உங்களுக்கு நான் சொல்லக் கூடியது: அடியில் சுக்காங்கல்லோ கெட்டிச் செம்மண்ணோ மூன்று, நான்கு அடியில் தட்டுப்பட்டால், கருங்கல் கடைக்கால் போட்டு, அதன் மேல் சுமை தாங்கும் செங்கல் அல்லது ஃபிளை ஆஷ் சுவர். நிலநடுக்கத்துக்காக பேஸ்மட்டத்திலும், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 6-க்குப் பக்கம், ஆகவே இதை விடக் கூடாது. கரிசல் என்றால் நான் சொன்னது எதுவும் செல்லாது. மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கிற அந்த மண்ணுக்குக் கடைக்காலைத் தனியாக வடிவமைக்க வேண்டும். மண்ணைப் பார்க்காமல் இதில் மேலே பேசுவது தப்பு. அது போலத்தான் மண்ணில் 5 முதல் 10 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்கிற மண் கல்லும். மணற்பாங்கான செம்மண்ணில் அருமையாக வரும், கரிசலில் சிமெண்ட் பிடிக்காது.

எந்தச் சுவரானாலும் கட்டுக் கலவை சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு போதும். ஒன்றுக்கு நாலு கேட்கிற மேஸ்திரியிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம். விளிம்பு நேராக உள்ள கல் கிடைத்தால் எலிப்பொறிக் கட்டில் கட்டலாம். கல்லை நிறுத்தி வைத்து நடுவே மூன்று இஞ்ச் வெற்றிடம் விடுகிற முறை அது, கல்லில் கால் பங்கு மிச்சமாகும், வெப்பமும் குறையும். ஆனால் மேஸ்திரி முன்பே ஒரு சுவராவது அப்படிக் கட்டியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பழகக் கூடாது.

மேற்குப் பக்கம் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம். வைகாசி முடிந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்கிலிருந்துதான் வீசுகிறது. பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலை நிற்பதே அதற்காக. பின்மதிய வெயிலும் அதே மேற்கிலிருந்துதான். வெயிலுக்குப் பயந்து ஜன்னலே வைக்காவிட்டால் காற்று போச்சு, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தால் அறை வெந்துவிடும். சாய்ந்து வரும் வெயிலை இரண்டடி சன்ஷேடு தடுக்காது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு ஆசாரத்தை இழுத்து, அதன் முகப்பில் சிமெண்ட் ஜாலி (துளைத் தடுப்பு) வைத்துக் கட்டினால் வெயில் அங்கேயே நின்றுவிடும், காற்று உள்ளே வரும், கூடவே ஆடித் தூசியும் வரும். அதற்குள் படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை எதையாவது தள்ளிவிட்டால் இன்னும் நல்லது. நாலு வேப்ப மரத்துக்கு இடம் இருந்தால் கடைக்கால் தோண்டுகிற நாளே நட்டுவிடுங்கள், சுவரிலிருந்து 20 அடி தள்ளி.

தரைக்கு ரெட் ஆக்சைடு கேட்டால் நான் மறுக்க மாட்டேன். வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும்.

போர் தண்ணீர் ரிப்போர்ட்டும், நாலடிக் குழி தோண்டி எடுத்த மண்ணின் படமும், வாசல் எந்தத் திசை என்பதும் போடுங்கள். கடைக்காலைப் பற்றி அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.